பைபாஸுக்குப் பிறகு ஆஸ்பிரினை நிறுத்தலாமா?

கேள்வி: என் தந்தைக்கு பைபாஸ் அறுவை சிகிச்சை முடிந்து ஆறு மாதங்கள் ஆகின்றன. பல் பிடுங்குவதற்காக ஆஸ்பிரினை நிறுத்தலாமா?

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம். பைபாஸில், அடைபட்ட இதயத் தமனிக்கு மாற்றுவழியாகக் காலிலிருந்து எடுத்துப் பொருத்தப்படும் சிரை, தமனியின் அழுத்தத்துக்குப் பழகாதது என்பதால், அதன் உட்சுவர்ச் சிராய்ப்புகளில் இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் ஒட்டிக்கொண்டு, குறிப்பாக முதல் மாதத்தில், இரத்தம் உறைந்து அடைத்துவிடக்கூடும். அதேபோல் மாற்றுவழியாகப் பயன்படும் மார்பின் உட்புறத் தமனி இவ்வளவு எளிதில் அடைபடுவதில்லை. ஆஸ்பிரின் தட்டணுக்களை அவற்றின் ஆயுள் முழுவதும், அதாவது 7 முதல் 10 நாட்கள் வரை, முடக்கி வைத்தாலும், எலும்பு மஜ்ஜை நாள்தோறும் புதியவற்றை அனுப்பிக்கொண்டே இருப்பதால்தான் இந்தச் சிறு மாத்திரையைத் தினமும் விழுங்க வேண்டியிருக்கிறது. ஒரு பல்லைப் பிடுங்கும்போது கசியும் இரத்தத்தை, பஞ்சை இறுகக் கடித்தே பெரும்பாலும் நிறுத்திவிடலாம். தட்டணுக்களைத் தடுக்கும் இன்னொரு மருந்தான குளோபிடோகிரெலும் சேர்த்து உட்கொள்பவரானால், பல் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.