அலுமினிய ரேடியேட்டரை மாத்துங்க, கூலண்ட்டை இல்ல

கம்ப்யூட்டருக்கு நீங்க போட்ட வாட்டர் கூலிங்கில் இரண்டே மாதத்தில் தண்ணீர் கலங்கி, சிபியு சூடு ஏறுதுன்னு எழுதியிருக்கீங்க. சிபியு மேல உட்கார்ற பிளாக் செம்பு, தண்ணீரை ஆறவைக்கிற ரேடியேட்டர் அலுமினியம், கோளாறே அதுதான். ஒரே தண்ணீரில் இந்த ரெண்டும் சேர்ந்தா அலுமினியம் அரிச்சுக்கிட்டே போகும். அந்த வெள்ளைக் கசடு பிளாக்கின் மெல்லிய இடுக்குகளில் அடைச்சிருக்கும். புது கூலண்ட் (உள்ளே ஓடுற குளிர்விக்கும் திரவம்) ஊத்துறது வீண் செலவு.

செம்பு அல்லது பித்தளை ரேடியேட்டர் வாங்குங்க. குழாயை இணைக்கிற ஃபிட்டிங்கிலும் அலுமினியம் வேண்டாம். பிளாக்கைக் கழற்றி, பழைய டூத்பிரஷால் இடுக்கின் வாக்கிலேயே தேய்ச்சுக் கழுவுங்க. புது ரேடியேட்டரையும் வெந்நீர் விட்டுக் குலுக்கி அலசணும். உள்ளே, பற்றவைக்கும்போது போட்ட ஃபிளக்ஸ் மிச்சம் இருக்கும்.

நிரப்பும்போது மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு எதுக்கும் கரண்ட் வேண்டாம், பவர் சப்ளையில் பம்ப் வயரைத் தவிர எல்லாத்தையும் கழற்றிடுங்க. பிறகு பவர் சப்ளையின் 24 பின் கனெக்டரில் பச்சை வயரையும் ஒரு கறுப்பு வயரையும் இணைச்சா பம்ப் மட்டும் ஓடும். ரிசர்வாயர் (தண்ணீர்த் தொட்டி) காலியாகும் முன்னே நிறுத்தி ஊத்துங்க, பம்ப் வறண்டு ஓடவே கூடாது. மூட்டுகளில் டிஷ்யூ சுற்றி 24 மணி நேரம் ஓடவிட்டு, கசிவு இருக்கான்னு பாருங்க.