ஒரே ஒரு தங்கம்தானே?

கேள்வி: ஹங்கேரியின் டெஷோ கியார்மதி வாட்டர் போலோவில், அதாவது நீந்திக்கொண்டே பந்தை எறிந்து கோல் போடும் ஆட்டத்தில், மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்றவர். ஆறு ஒலிம்பிக் ஆடியும் ஒரே தங்கத்தோடு நின்றவர் ஸ்பெயினின் மனுவெல் எஸ்தியார்தே. போன இதழில் கியார்மதியைவிட எஸ்தியார்தேயை மேலே வைத்திருக்கிறீர்களே, எந்தக் கணக்கில்?

பதில்: தங்கத்தை எண்ணினால் கியார்மதிதான். 1948 முதல் 1964 வரை ஐந்து ஒலிம்பிக், ஐந்திலும் பதக்கம். அந்தச் சாதனையை நான் குறைத்துப் பேசவே மாட்டேன். ஆனால், அவர் போய்ச் சேர்ந்தது 1932, 1936 இரண்டிலும் தங்கம் வாங்கியிருந்த அணி. 1980இல் எஸ்தியார்தே மாஸ்கோவில் குளத்தில் இறங்கியபோது, ஸ்பெயினுக்கு இந்த ஆட்டத்தில் ஒரு வெண்கலம்கூடக் கிடையாது. 18 வயதுப் பையன். அந்த ஒலிம்பிக்கில் அதிக கோல் அடித்தது அவர்தான். அடுத்த மூன்று ஒலிம்பிக்கிலும் அவரேதான்!

கோல் அடிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. அடியில் கால் ஊன்றக் கூடாது. கோல் காக்கும் கோலியைத் தவிர மற்றவர்கள் ஒரு கையால்தான் பந்தைத் தொடலாம். எதிரே நிற்பவர்களோ மலை மலையான ஆட்கள். தண்ணீருக்கு மேலே நடப்பது நடுவருக்குத் தெரியும். கீழே ஜட்டியைப் பிடித்து இழுப்பதும், விலாவில் முழங்கால் ஏறுவதும் பாதிக்குப் பாதி தெரியாமலே போகும். எஸ்தியார்தே ஒல்லி உடம்புக்காரர். மல்லுக்கு நின்றால் நசுங்கிப்போவார். பிடி விழுமுன் நழுவி, கோலி கை தூக்குமுன் பந்தை எறிந்துவிடுவதுதான் அவருடைய ஆட்டம்.

அப்படி ஆடியும் முதல் ஒலிம்பிக் பதக்கத்துக்கு 12 வருஷம் ஆனது. 1992இல், அதுவும் சொந்த நாட்டில், பார்சிலோனாவில் இறுதி ஆட்டம். கூடுதல் நேரத்துக்கு மேல் கூடுதல் நேரம் என்று இழுத்து, கடைசியில் இத்தாலியிடம் 8-9 என்று தோற்றார்கள். முப்பது வயதில் அப்படியொரு அடி விழுந்தால் பலரும் ஒதுங்கிவிடுவார்கள். இவர் ஒதுங்கவில்லை. 1996இல் அட்லாண்டாவில் குரோஷியாவை 7-5 என்று வென்று தங்கம் வாங்கினார்கள். கோல் பட்டியலில் அந்த முறை முதலிடம் அவருக்கு இல்லை. முந்தைய நான்கு முதலிடங்களையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது இந்தத் தங்கம்தான்.

1998இல் உலக சாம்பியன் பட்டமும் வந்தது. 2000இல் சிட்னியில் ஸ்பெயின் கொடியை ஏந்தி வந்தவரும் அவரே. அங்கே அணிக்கு நான்காம் இடம்தான். அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் மேலே வைத்தேன், மாற்றுவதாக இல்லை.