ரோயிங் (துடுப்புப் படகோட்டம்) வீரரின் வாழ்க்கை எப்படி இருக்கும்? தோள்பலம் இருந்தால் போதுமா?

இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடலாம். தோளைவிடக் கால்தான் முக்கியம். ரேஸ் படகில் இருக்கை சிறு தண்டவாளத்தில் முன்னும் பின்னும் ஓடும், பாதங்கள் பலகையோடு கட்டப்பட்டிருக்கும். கால் உதைக்கும்போது கை நீட்டியபடியே இருக்க வேண்டும். அடுத்து முதுகு சாயும், கடைசியில்தான் முழங்கை மடங்கும். புதியவர்கள் அநேகமாக எல்லோருமே கையை முதலில் மடக்குவார்கள். முன்கை இறுகி, பாதித் தூரத்திலேயே பிடி விட்டுப்போகும்.

ஒலிம்பிக்கில் இதுவரை வழக்கமான தூரம் 2000 மீட்டர். முன்னணி ஆண்கள் எட்டுப் பேர் படகில் ஐந்தரை நிமிடத்திலும், ஒற்றையரில் ஏழு நிமிடத்துக்குள்ளும் முடிப்பார்கள். இதற்காக வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வேளைப் பயிற்சி. அதில் பெரும்பகுதி அலுப்பூட்டும் அளவுக்கு மெதுவானது: நிமிடத்துக்கு 18 முதல் 20 துடுப்பு வீச்சு, பேசிக்கொண்டே போகக்கூடிய மூச்சு, ஒரே மூச்சில் 16 அல்லது 20 கிலோமீட்டர். போட்டியில் வீச்சு 36-ஐத் தாண்டினாலும் அந்தச் சக்தியில் பெரும்பங்கு ஆக்சிஜன் வழியாகவே வருகிறது. அந்த அடித்தளம் மெதுவான கிலோமீட்டர்களில்தான் உருவாகும். இளைஞர்கள் மெதுவான நாளிலும் பக்கத்துப் படகோடு போட்டி போடுவார்கள், மறுநாள் கடினப் பயிற்சியில் உடம்பு எழும்பாது. பயிற்சியாளர்கள் திட்டுவதில் பாதி இதற்காகத்தான்.

எர்கோமீட்டரில் (சுருக்கமாக எர்க், தரையில் வைத்துத் துடுப்பு இழுக்கும் இயந்திரம்) 2000 மீட்டர் நேரம்தான் அணித் தேர்வுக்கான நுழைவுச்சீட்டு. உலகத் தர ஆண்கள் 6 நிமிடத்துக்குள்ளும் பெண்கள் 7 நிமிடத்துக்குள்ளும் முடிப்பார்கள். இழுவையின் கனத்தை மாற்றும் அதன் பக்கவாட்டு நெம்புகோலை 10-ல் வைத்தால் வேகம் வரும் என்று நினைப்பது தவறு. முதுகுதான் போகும். பெரும்பாலோருக்கு 3 முதல் 5 வரை போதும்.

ஆனால் படகில் இடம் கிடைப்பதை எர்க் மட்டும் தீர்மானிப்பதில்லை; சீட் ரேஸ் தீர்மானிக்கும். நால்வர் படகு இரண்டை ஓட விடுவார்கள். முதல் படகு 2 விநாடி முன்னால் முடிக்கிறது என்று வையுங்கள். பிறகு ஒவ்வொரு படகிலிருந்தும் ஒருவரை இடம் மாற்றி, அதே தூரத்தை, அதே வீச்சு வரம்போடு மறுபடி ஓட்டுவார்கள். இப்போது அதே படகு 1 விநாடி பின்தங்கினால் வித்தியாசம் 3 விநாடி. அதிலிருந்து இரண்டாவது படகுக்கு மாறியவர் அந்த இடத்தைப் பிடித்துவிட்டார் என்று அர்த்தம். எர்க்கில் பின்தங்கியவர் இங்கே ஜெயிப்பது சகஜம், ஏனென்றால் எர்க் படகைப் போல ஆடாது. நடுவில் காற்று மாறினால் கணக்கு கெட்டுவிடும், அதனால் நல்ல பயிற்சியாளர் அந்த ஓட்டத்தையே தள்ளுபடி செய்வார்.

தண்ணீரில் எல்லோரும் பயப்படுவது க்ராப், அதாவது துடுப்பு தண்ணீரில் சிக்கிக்கொள்வது. துடுப்பின் தட்டு தண்ணீரை விட்டு வெளியே வருமுன்பே திரும்பிவிட்டால், ஓடும் படகின் வேகமே அதை உள்ளே இழுக்கும். பிடி வயிற்றில் வந்து மோதும், சில சமயம் ஆளையே தூக்கி எறியும். பிடியை முதலில் கீழே அழுத்தித் தட்டை வெளியே எடுத்து, அதன்பிறகே திருப்ப வேண்டும்.

காயங்களில் கைக் கொப்புளம் சாதாரணம். கீழ்முதுகு வலியும் விலா எலும்பில் வரும் அழுத்த முறிவும்தான் சீசனைக் கெடுப்பவை. ஆழமாக மூச்சிழுத்தாலோ படுக்கையில் புரண்டாலோ ஒரே புள்ளியில் வலித்தால், துடுப்பை வைத்துவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். சில வாரம் சைக்கிளில் உடல்தகுதியைக் காப்பாற்றிக்கொள்ளலாம். வலியோடு இழுத்தால் அந்த வாரங்கள் மாதங்களாகும்.

எவ்வளவு காலம் நீடிக்கலாம்? பிரிட்டன் வீரர் ஸ்டீவ் ரெட்கிரேவ் 1984 முதல் 2000 வரை தொடர்ந்து ஐந்து ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார், கடைசித் தங்கம் சர்க்கரை நோயோடு. அது விதிவிலக்கு, பலர் முப்பதுகளின் தொடக்கத்தில் விலகுவார்கள். இந்த விளையாட்டில் பரிசுப்பணம் சொற்பம், ஆகவே படிப்பையோ வேலையையோ கூடவே நடத்த வேண்டியிருக்கும். உடல் எடை குறைந்தவர்களுக்கு இன்னொரு சிக்கல்: லைட்வெயிட் பிரிவு 2024 பாரிஸோடு ஒலிம்பிக்கிலிருந்து போய்விட்டது. 2028 லாஸ் ஏஞ்சல்ஸில் தூரமும் 1500 மீட்டராகிறது, கடற்கரையில் ஓடிப் படகேறித் துடுப்பிடும் குறுந்தூரப் போட்டியான கடற்கரை ஸ்பிரின்ட் புதிதாகச் சேர்கிறது.