வீசிங் இருக்கும் பிள்ளைக்குப் பள்ளியில் இன்ஹேலர் கொடுத்து வைக்கலாமா?

7 வயது மகளுக்கு வீசிங். இன்ஹேலரைப் பள்ளியில் கொடுத்து வைத்தால் அதுவே பழகிப்போய்விடாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகக் கொடுங்கள். பழகிவிடும் என்பது நம் ஊரில் சுற்றிவரும் வீண் பயம். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பூட்டமால் என்ற ஒரே மருந்துதான் சிரப்பிலும் இன்ஹேலரிலும் வருகிறது. சிரப் 5 மில்லியில் 2 மில்லிகிராம் மருந்து. இன்ஹேலரை ஒருமுறை அழுத்தினால் 100 மைக்ரோகிராம்தான், இருபதில் ஒரு பங்கு. அதுவும் நேராக நுரையீரலுக்குப் போகிறது. சிரப்புக்குப் பயப்படாதவர்கள் இதற்குப் பயப்படுவதுதான் வேடிக்கை.

தலைமையாசிரியர் அறை பீரோவில் பூட்டி வைத்தால் பயனில்லை. வகுப்பு ஆசிரியர் கைக்கு எட்டும் இடத்தில், ஸ்பேசரோடு (இன்ஹேலரைப் பொருத்தி மருந்தை மூச்சோடு இழுக்க உதவும் குழாய்) இருக்க வேண்டும். எப்படிக் கொடுப்பது என்று நீங்களே ஒருமுறை செய்து காட்டுங்கள்: குலுக்கி, ஸ்பேசரில் பொருத்தி, ஒருமுறை அழுத்தி, ஐந்தாறு மூச்சு, மறுபடி குலுக்கி அடுத்தது. எத்தனை முறை என்பதை டாக்டரிடம் சீட்டில் எழுதி வாங்கி அதோடு வையுங்கள். காலாவதித் தேதியையும் பாருங்கள், பலர் மறப்பது இதைத்தான்.

கரும்பலகைப் பக்கத்து பெஞ்சு வேண்டாம், சாக்பீஸ் தூள் சிலருக்கு ஆகாது. விளையாட்டை மட்டும் நிறுத்தாதீர்கள். ஓடினால் இழுக்கிறது என்றால் முன்கூட்டியே மருந்து எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியவில்லை, விலா உள்வாங்குகிறது, உதடு நீலம் பாய்கிறது என்றால் உங்களுக்குப் போன் போடும் முன் 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள்.