சிங்கப்பூர் – நியூயார்க் நேரடி விமானம்: கூகுள் 15,300 கி.மீ. என்கிறது, விமானத் திரையில் 16,000-க்கு மேல் காட்டுகிறதே, எது சரி?

இரண்டும் சரிதான். மகள் பிரசவத்துக்காகப் போனபோது எனக்கும் இதே சந்தேகம் வந்தது. தூக்கம் வராமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தால் வேறென்ன தோன்றும்!

கூகுள் சொல்வது பூமி உருண்டையில் நூல் பிடித்து அளந்த தூரம். அதை நாமே கணக்குப் போடலாம். தீர்க்கரேகையில் சிங்கப்பூர் 104 பாகை கிழக்கு, நியூயார்க் 74 பாகை மேற்கு. கூட்டினால் 178. அதாவது துருவத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக, ஏறக்குறைய நேர் எதிரே. அதனால் குறுக்குவழி வட துருவத்தை உரசிக்கொண்டு போகிறது. சிங்கப்பூரிலிருந்து துருவத்துக்கு 88.6 பாகை, அங்கிருந்து நியூயார்க்குக்கு 49.4. மொத்தம் 138. ஒரு பாகைக்கு 111 கி.மீ. பெருக்கிப் பாருங்கள், 15,318 வரும்.

ஆனால் விமானி அந்த நூலின் மேல் ஓட்டுவதில்லை. மேற்கிலிருந்து கிழக்காக உயரத்தில் ஜெட் காற்று அடிக்கிறது. குளிர்காலத்தில் மணிக்கு 200 கி.மீ.கூடத் தாண்டும். அதை முதுகில் வாங்கிக்கொள்ள ஆயிரம் கிலோமீட்டர் சுற்றினாலும் லாபம்தான். நான் போனபோது ஜப்பான் பக்கமாகப் போய்ப் பசிபிக்கைக் கடந்தோம். திரும்பும்போது அட்லாண்டிக், ஐரோப்பா. போனதும் கிழக்கே, வந்ததும் கிழக்கே! உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டேன் என்று இன்றும் வீட்டில் பீற்றிக்கொள்கிறேன். எந்த வழி என்பது அன்றன்றைய காற்றைப் பொறுத்தது. உங்களுக்கு வேறு மாதிரி அமையலாம்.

நேரம்? போக ஏறத்தாழ பதினெட்டரை மணி, வரவும் கிட்டத்தட்ட அதேதான். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004-இலேயே நியூயார்க்கை ஒட்டியுள்ள நியூவர்க் விமான நிலையத்துக்கு நேராகப் பறந்தது. நான்கு எஞ்சின் ஏ340 விமானம், எரிபொருள் குடித்தே கட்டுப்படியாகாமல் 2013-இல் நிறுத்திவிட்டார்கள். 2018-இல் இரண்டு எஞ்சின் ஏ350 யுஎல்ஆர் (மிக நீண்ட தூரம் பறக்கும் வகை) வந்த பிறகுதான் மறுபடி ஆரம்பித்தார்கள். அதில் 1,65,000 லிட்டர் எரிபொருள் பிடிக்கும், ஆனால் இருக்கை 161 மட்டுமே. சாதாரண எகானமி கிடையாது. டிக்கெட் விலை கண்ணைக் கட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம். காசு முக்கியம் என்றால் இடையில் ஒரு ஊரில் இறங்கி மாறுங்கள், நாலைந்து மணி நேரம் கூடும், அவ்வளவுதான். எனக்கு முழங்கால் வலி. இறங்கி ஏறி ஓடுவதைவிட இதுவே மேல் என்று பட்டது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து நடந்தேன், கால் வீங்கவில்லை.

ஒரு வசதி உண்டு. கோடையில் போனால் இரண்டு ஊருக்கும் சரியாக 12 மணி நேர வித்தியாசம். முள் கடிகாரம் கட்டியிருந்தால் திருப்பவே வேண்டாம். நான் ஜூனில் போனேன்; நள்ளிரவை ஒட்டி ஏறினேன், இறங்கும்போது கையில் ஆறரை. வெளியே பார்த்தால் அங்கேயும் காலை ஆறரை. குளிர்காலத்தில் 13 மணி நேரமாகிவிடும், அப்போது மட்டும் திருப்பிக்கொள்ளுங்கள்.