நைஜீரியாவில் அரசு வேலைக்கு 'ஸ்லாட்' வேண்டும்

கேள்வி: ஆப்பிரிக்க நாடுகளில் அரசு வேலை கிடைக்க அரசியல்வாதியின் சிபாரிசு உண்மையிலேயே தேவையா? நேரில் பார்த்தவர்கள் யாராவது சொல்ல முடியுமா?

லாகோஸில் ஏழு வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் நைஜீரியாவைப் பற்றிச் சொல்கிறேன். அங்கே மத்திய அரசு வேலை என்றால் பெரும்பாலும் தேவைதான்.

அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஸ்லாட்'. ஒரு துறையில் ஆள் எடுக்கப்போகிறார்கள் என்றால், செனட்டருக்கு இத்தனை, அமைச்சருக்கு இத்தனை என்று இடங்கள் முன்பே பிரிந்துவிடும். செல்வாக்கு உள்ளவருக்கு 'லாங் லெக்' இருக்கிறது என்பார்கள். கால் நீளம், எங்கும் எட்டும்.

இதில் மனசுக்குக் கஷ்டமான விஷயம், நியாயத்துக்காகச் செய்த ஏற்பாடே இதற்கு வழிவிட்டதுதான். 36 மாநிலங்கள், நூற்றுக்கணக்கான இனங்கள். ஒரே பகுதிக்காரர்கள் அரசாங்கத்தை நிரப்பிவிடக் கூடாது என்று 1979 அரசியலமைப்பில் 'ஃபெடரல் கேரக்டர்' கொள்கையைக் கொண்டுவந்தார்கள். அதைக் கண்காணிக்க 1996ல் ஓர் ஆணையமும் வந்தது. சரி, நல்ல எண்ணம்தான். ஆனால் மாநிலத்துக்கு இத்தனை இடம் என்று ஆனதும், அந்த இடத்தில் யார் உட்காருவது என்பது அந்த ஊர்ப் பெரிய மனிதர்கள் கைக்குப் போய்விட்டது. விளம்பரமே இல்லாமல் ஆள் எடுக்க 'வேய்வர்' என்று ஒரு விலக்கு வேறு உண்டு. கடைசியில் அந்த ஆணையத்திலேயே வேலைகள் விலைபோனதாகப் புகார் கிளம்பி, 2023ல் பிரதிநிதிகள் சபைக் குழு விசாரித்தது.

'ஸ்லாட்' இல்லாதவர்கள் கூட்டத்தில்தான் நிற்க வேண்டும். 2014 மார்ச் 15 அன்று குடியேற்றத் துறைத் தேர்வு நடந்தது. சுமார் 4,500 இடங்களுக்கு 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆளுக்கு 1,000 நைரா கட்டி விண்ணப்பித்திருந்தார்கள். பல ஊர் ஸ்டேடியங்களில் நெரிசல். குறைந்தது 15 பேர் செத்துப்போனார்கள், அதில் கர்ப்பிணிப் பெண்களும் உண்டு. வேலை கேட்டு வந்தவர்கள்! இன்றைக்கும் நினைத்தால் ஆறவில்லை.

எங்கள் குடியிருப்பு கேட்மேனின் மகன் கணக்கியல் பட்டதாரி. ஒரு வருடக் கட்டாய தேசிய சேவையையும் முடித்தவன். ஒரு அரசுத் துறைத் தேர்வுக்குப் போகும் முன் என் வீட்டு பிரிண்டரில் நகல் எடுக்க வந்தான். பட்டச் சான்றிதழ், சேவைச் சான்றிதழ், சொந்த ஊர் உள்ளாட்சி கொடுத்த பூர்வீகச் சான்று எல்லாம் ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் இருந்தன. பூர்வீகச் சான்று மடிப்பு கிழிந்து டேப் ஒட்டியிருந்தது. அத்தனை இடத்தில் அதைப் பிரித்துக் காட்டியிருக்கிறான்.

தேர்வு நன்றாக எழுதியதாகச் சொன்னான். பட்டியலில் பேர் வரவில்லை. அப்புறம் ஒரு நாள் ராத்திரி அவன் அப்பா கேட்டைத் திறந்துவிட்டு என் கார் ஜன்னல் பக்கம் குனிந்தார். "ஓகா (ஐயா), உங்கள் கம்பெனி முதலாளிக்குச் செனட்டர் யாரையாவது தெரியுமா? ஒரே ஒரு ஸ்லாட் போதும்." மகன் மறுபடி தேர்வு எழுதுவதைப் பற்றி அவர் பேசவே இல்லை.