வீசிங் இருக்கும் பிள்ளைக்கு வாழைப்பழம் கொடுக்கலாமா?

(காட்பாடியில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். ஆஸ்துமாவும் சாப்பாடும் பற்றி நம் வேலூர்ப் பக்கத்தவர்கள் கேட்டவற்றுக்குப் பதில்.)

குடியாத்தத்திலிருந்து ஒரு அம்மா: பையனுக்கு ஏழு வயசு மேடம். வீசிங் வந்ததிலிருந்து பால், தயிர், வாழைப்பழம், கத்தரிக்காய் எல்லாத்தையும் நிறுத்திட்டோம். அப்பவும் ராத்திரியில இழுக்குது. இன்னும் எதை நிறுத்தணும்?

பதில்: ஒன்றையும் நிறுத்த வேண்டாம்மா. அலர்ஜி என்று டாக்டர் சொல்லாதவரை, நிறுத்தியதையும் திரும்பக் கொடுங்கள். பால் குடித்தால் எச்சில் கெட்டியாகித் தொண்டை கொஞ்சம் பிசுபிசுக்கும், அவ்வளவுதான். அதனால் நெஞ்சில் சளி ஊறாது. இதே போல ஒரு பிள்ளையை என்னிடம் கூட்டி வந்தார்கள். காலருக்குள் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. 'கூடாது' என்று அம்மா எழுதிய பட்டியல் நோட்டில் இரண்டு பக்கம். டாக்டர் எழுதிக்கொடுத்த தடுப்பு இன்ஹேலரோ அட்டை பிரிக்காமல் பையில் கிடந்தது, 'பழகிடும்' என்ற பயத்தில். மனசு கேட்கவில்லை எனக்கு. இன்ஹேலருக்கு யாரும் அடிமையாவதில்லை. ஸ்பேசர் (இன்ஹேலரில் மாட்டும் குழல்) வைத்து, சொன்ன வேளைக்கு விடாமல் கொடுங்கள். மருந்தை உறிஞ்சியதும் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். அப்படியும் ராத்திரியில் இழுத்தால் டாக்டரை மறுபடி பாருங்கள். சாப்பாட்டில் சந்தேகமிருந்தால் என்ன சாப்பிட்டான், எப்போது இழுத்தது என்று எழுதிவைத்து அவரிடம் காட்டுங்கள்.

ஆம்பூர் கடைக்காரர்: பத்தரைக்குக் கடையை மூடிட்டு பிரியாணி சாப்பிட்டுப் படுப்பேன். நடுராத்திரி நெஞ்செரிச்சல், இருமல், இழுப்பு. பிரியாணி ஆகாதா?

பதில்: நேரம்தான் ஆகவில்லை சார். வயிறு முட்டச் சாப்பிட்டு உடனே படுத்தால் வயிற்றுப் புளிப்பு மேலேறி வரும், அது மூச்சுக்குழாயையும் சுருங்க வைக்கும். பிரியாணியை மதியத்துக்கு மாற்றுங்கள். ராத்திரிக்கு நாலு இட்லியைக் கடையிலேயே எட்டு மணிக்கு முடித்துவிடுங்கள். உடம்பு கனத்திருந்தால் எடையும் குறையட்டும். 90 கிலோ ஆள் 5 முதல் 9 கிலோ இறக்கினாலே மூச்சு லேசாவது தெரியும்.

ராணிப்பேட்டை: தூதுவளை ரசம் கேட்குமா?

பதில்: தாராளமாகக் குடியுங்கள், தொண்டைக்கு இதமான ரசம். மருந்தை மட்டும் அதற்காக விட்டுவிடாதீர்கள். பெயர், விவரம் எதுவும் ஒட்டாத 'இழுப்புப் பொடி' வேண்டவே வேண்டாம்; சிலவற்றில் சொல்லாமலே ஸ்டீராய்டு கலந்திருக்கும்.

ஆரணி: அப்போ சாப்பாட்டால வீசிங் வரவே வராதா?

பதில்: சிலருக்கு வரும். நிலக்கடலை, முட்டை, இறால் அலர்ஜியில் வரும். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் உதடு வீங்கி, உடம்பில் தடிப்பு எழும்பி, மூச்சும் திணறினால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். உலர்திராட்சை மாதிரி பாக்கெட்டுகளில் நிறம் கெடாமலிருக்கச் சேர்க்கும் சல்பைட்டும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அட்டையில் 220 முதல் 228 வரை எண் இருக்கிறதா பாருங்கள்.

நான் பார்த்தவரை நம் வீடுகளில் தட்டில் இருப்பதைவிட அடுப்பிலிருந்து வருவதுதான் அதிகம் படுத்துகிறது. சாம்பார்ப் பொடிக்கு மிளகாய் வறுக்கிற அன்றைக்கு ஜன்னலைத் திறந்து வையுங்கள். நெடி அடங்கும்வரை பிள்ளை பக்கத்து வீட்டுத் திண்ணையில் விளையாடட்டும்.